ஸ்பேர் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்: ரிமோட் கார் கேள்வி–பதில்

கே: மகனுக்குப் பத்து வயது. இதுவரை வாங்கிய மூன்று ரிமோட் கார்களும் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. ‘ஹாபி கிரேடு வாங்குங்கள்’ என்கிறார் கடைக்காரர். விலையோ பல மடங்கு. அப்படி என்னதான் வித்தியாசம்?
– வாசகி, மதுரை

ப: ஹாபி காரும் உடையத்தான் செய்யும். ஆனால் உடைந்த பாகத்தை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு அடுத்த நாளே ஓட்டலாம். பொம்மைக் காரில் எல்லாம் ஒரே போர்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங் போனாலும் சரி, கியர் போனாலும் சரி, கார் மொத்தமும் குப்பைக்குத்தான்.

கடையிலேயே சோதித்துப் பாருங்கள். ரிமோட்டின் சக்கரத்தை லேசாகத் திருப்பினால் முன் டயரும் லேசாகத் திரும்ப வேண்டும். ட்ரிகரைக் கொஞ்சம் அழுத்தினால் கார் ஆமை போல ஊர வேண்டும். முழுக்கத் திரும்புகிறது அல்லது திரும்பவே இல்லை, முழு வேகம் அல்லது நிறுத்தம் என்று இரண்டே நிலைதான் என்றால் அது பொம்மை. விலை எவ்வளவு சொன்னாலும் வாங்காதீர்கள்.

அடுத்து, இந்த ஐந்து பாகங்கள் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்: முன் சஸ்பென்ஷன் ஆர்ம் (முன் சக்கரத்தைத் தாங்கும் கை), ஸ்டியரிங் சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்), பினியனும் ஸ்பர் கியரும் (மோட்டார் அச்சிலுள்ள சின்னக் கியரும் அது சுற்றும் பெரிய கியரும்), சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் (இரு முனையும் எலும்புத் துண்டு போலிருக்கும்), பேட்டரி. முதலில் உடைவது பெரும்பாலும் முன் ஆர்ம்தான். சுவரில் மோதும்போது அடியை முதலில் வாங்குவது அது. எங்கள் கருத்தில், 60 கி.மீ. வேகம் என்று பெட்டியில் போட்டிருக்கும் காரைவிட, முன் ஆர்ம் நம் ஊரிலேயே கிடைக்கும் 30 கி.மீ. கார் எவ்வளவோ மேல்.

சர்வோவுக்கு எத்தனை வயர் வருகிறது என்றும் எண்ணிப் பாருங்கள். மூன்று என்றால் எந்தக் கம்பெனி சர்வோவையும் அளவு பார்த்துப் போடலாம். டபிள்யூ.எல்.டாய்ஸ் ஏ959 போன்ற சில பழைய மாடல்களில் ஐந்து வயர் வரும். சர்வோவை இயக்கும் சர்க்யூட் அவற்றில் மெயின் போர்டில் இருப்பதால், அந்த மாடலுக்கு உரிய சர்வோவைத் தவிர வேறு எதுவும் சேராது.

பையனுக்கு முதல் மாதம் வேகத்தைக் கட்டுப்படுத்திக் கொடுங்கள். சில ரிமோட்டுகளில் அதற்கென்றே ஸ்விட்ச் உண்டு. இல்லாவிட்டால் அழிரப்பரில் ஒரு துண்டு வெட்டி, ட்ரிகருக்குப் பின்னால் இருபுற டேப்பால் ஒட்டிவிடுங்கள். ட்ரிகர் பாதிக்கு மேல் போகாது, பிரேக் வழக்கம்போல வேலை செய்யும்.

கே: லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி தலையணை மாதிரி உப்பிவிட்டது. கார் இன்னும் ஓடுகிறது. தொடர்ந்து பயன்படுத்தலாமா?
– சேலம் வாசகர்

ப: கூடாது. இன்றைக்கே காரிலிருந்து கழற்றிவிடுங்கள். உள்ளே ரசாயனம் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. அதை ஊசியால் குத்தி அமுக்கினால் தீப்பிடிக்கும். இனி சார்ஜும் போட வேண்டாம்.

வீட்டுக்கு வெளியே ஒரு செங்கல்லின் மேல் வைத்து, நிஜக் காரில் போடும் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை அதன் பிளக்கில் இணையுங்கள். 1500 எம்.ஏ.எச். பேக் என்றால் ஓரிரு மணி நேரத்தில் பல்பு மங்கி அணைந்துவிடும். அதுவரை பக்கத்திலேயே இருங்கள். மறுநாள் வரை பல்பை அப்படியே விட்டு, பிறகு பிளக்கின் மேல் டேப் சுற்றி மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறப்போடச் சொல்பவர்கள் உண்டு. அதில் பேட்டரி காலியாகும் முன்பே முனைகள் அரித்துப் போய்விடலாம். உள்ளே சார்ஜ் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்று பிறகு அளக்கக்கூட முடியாது.

ஏன் உப்பியது என்பதையும் பார்த்துவிடுவோம். லிப்போவில் ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட ஆரம்பிக்கும். கார் மெதுவானதும் நிறுத்தாமல், ‘இன்னும் ஒரு ரவுண்டு’ என்று ஓட்டினால் அங்கேதான் போய் நிற்கும். அதே போல, முழு சார்ஜ் போட்டுவிட்டு, மழையால் இரண்டு வாரம் ஓட்டாமல் அலமாரியில் வைத்தாலும் உப்பலாம். ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். நல்ல சார்ஜர்களில் இதற்கு ‘ஸ்டோரேஜ்’ என்று தனியாக ஒரு மோட் உண்டு.

இரண்டு செல் பேக்கில் சின்னதாக வெள்ளைப் பிளக் ஒன்று இருக்கும், மூன்று வயர். மல்டிமீட்டரின் ஒரு முனையை நடு வயரில் வைத்து, மற்ற முனையால் இரு ஓரங்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 3.9, மற்றது 3.4 என்று காட்டினால் பலவீனமான அந்தச் செல்தான் அடுத்து உப்பப் போகிறது.

சார்ஜ் அளவுக்குக் கணக்கு எளிது. 1500 எம்.ஏ.எச். பேக்குக்கு 1.5 ஆம்பியர், 3000-க்கு 3 ஆம்பியர். அதற்கு மேல் வேண்டாம். ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். படுக்கையறையில், மெத்தை மேல், இரவு முழுக்கப் போடவே போடாதீர்கள். மண் சட்டி ஒன்று போதும், அதற்குள் வைத்து, கண் பார்வையில் சார்ஜ் செய்யுங்கள்.

கே: கியரிலிருந்து ‘டர்ர்ர்’ என்று சத்தம். புது ஸ்பர் கியர் போட்டும் ஒரே வாரத்தில் பல் மழுங்கிவிட்டது.
– வாசகர், திருச்சி

ப: கியர் மேல் தப்பில்லை. மோட்டாரின் பினியனுக்கும் ஸ்பர் கியருக்கும் நடுவே விட்ட இடைவெளிதான் தப்பு. அதிகமானால் பல்லின் நுனி மட்டும் பிடித்து, கல்லில் ஏறும்போது வழுக்கி மழுங்கும். குறைந்தால் இரண்டும் இறுகி, மோட்டார் கொதிக்கும்.

மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். பள்ளி நோட்டுத் தாளில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்து, இரண்டு கியருக்கும் நடுவே கொடுத்துச் சுற்றுங்கள். தாள் உள்ளே இருக்கும்போதே மோட்டாரை ஸ்பர் பக்கம் அழுத்தி ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிறகு கையால் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் விசிறி மடிப்பு போல வரிவரியாக மடிந்து, கிழியாமல் வந்தால் சரியான அளவு. ஓட்டை விழுந்தால் இறுக்கம் அதிகம். மடிப்பே தெரியவில்லை என்றால் தளர்வு.

இதோடு விட்டுவிட வேண்டாம். பிளாஸ்டிக் ஸ்பர் கியர் துல்லிய வட்டமாக இருப்பதில்லை. கால் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, பினியனை அசையாமல் பிடித்து ஸ்பரை ஆட்டிப் பாருங்கள். நான்கு இடத்திலும் மெல்லிய ‘டிக்’ கேட்க வேண்டும். ஓரிடத்தில் இறுகினால், அந்த இடத்தை வைத்தே மறுபடி தாள் கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

ஒரு வாரத்தில் மறுபடி மழுங்கினால் இரண்டைச் சந்தேகியுங்கள். ஒன்று, மோட்டார் ஸ்க்ரூ அதிர்வில் தளர்ந்திருக்கும். அதற்கு நீல நிற த்ரெட் லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போடுங்கள். உலோகம் உலோகத்தில் இறங்கும் ஸ்க்ரூவுக்கு மட்டும்தான் இது. பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும். இரண்டாவது, பினியனை ஷாஃப்டோடு பிடிக்கும் தலையில்லாத க்ரப் ஸ்க்ரூ, மோட்டார் ஷாஃப்டின் தட்டையான பக்கத்தில் உட்காராமல், உருண்டைப் பக்கத்தில் இறுக்கியிருப்பீர்கள். பினியன் மெல்ல நகர்ந்து ஸ்பரின் ஓரத்தை மட்டும் தின்றிருக்கும். மழுங்கிய கியரை எடுத்துப் பாருங்கள். பல்லின் முழு அகலமும் தேயாமல் பாதி மட்டும் தேய்ந்திருந்தால் இதுதான் காரணம்.

பினியன், ஸ்பர் இரண்டின் பல் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 0.6 மாட்யூலும் 48 பிட்ச்சும் கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும். சேர்த்து ஓட்டினால் நாளடைவில் தின்றுவிடும்.

கே: கடற்கரை மணலில் ஓட்டினால் என்ன?
– நாகர்கோவில் வாசகர்

ப: வேண்டாம் என்போம், உங்கள் பக்கத்துக் கடற்கரையில் இன்னும் அழுத்தமாக. குமரி மாவட்டக் கருமணலில் இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்கள் கலந்திருக்கின்றன. மணவாளக்குறிச்சி ஆலையில் மணலிலிருந்து சில கனிமங்களைக் காந்தத்தால்தான் பிரித்தெடுக்கிறார்கள். உங்கள் மோட்டாருக்குள்ளும் காந்தம் இருக்கிறது! மோட்டாரின் காற்றுத் துளை வழியே போகும் கருந்துகளில் ஒரு பங்கு அங்கேயே ஒட்டிக்கொண்டு, சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ்ஷையும் கம்யூட்டேட்டரையும் அராவும்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள் என்றால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். உப்பும் மணலும் சேர்ந்து பேரிங்குக்குள் போய்விடும். முதலில் காய விட்டு, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். பிறகு சைக்கிள் பம்ப் காற்று. சக்கரங்களைக் கழற்றி ஒவ்வொரு பேரிங்கையும் விரலில் மாட்டிச் சுழற்றுங்கள். கரகரவென்றால் அதை மட்டும் மாற்றிவிடுங்கள், மொத்தமும் வேண்டாம். காற்றுத் துளையுள்ள மோட்டார் என்றால் அதைக் காரிலிருந்து கழற்றி, துளையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தட்டுங்கள்.

கே: மே மாதத்தில் பத்து நிமிடம் ஓடியதும் கார் தானாக நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது. பேட்டரி பழுதா?
– வாசகர், வேலூர்

ப: கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிறது என்றால் பெரும்பாலும் பேட்டரி இல்லை. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலர் சூடாகித் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. நின்ற உடனே மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை மூன்று நான்கு வினாடிகூட வைக்க முடியவில்லை என்றால் சூடு அதிகம்.

முதல் வேலை, பேட்டரியைக் கழற்றிவிட்டுக் காரைத் தரையில் தள்ளிப் பார்ப்பது. தடையில்லாமல் உருள வேண்டும். எங்கோ பிடிக்கிறது என்றால் அச்சில் முடியோ நூலோ சுற்றியிருக்கும். புல்தரையில் ஓட்டுபவர்களுக்கு இது வாடிக்கை. அதுவும் சரி என்றால் பினியனில் பல் குறையுங்கள். 20 பல்லுக்குப் பதில் 18 போட்டால் உச்ச வேகம் பத்தில் ஒரு பங்கு குறையும், மோட்டாருக்குச் சுமை இறங்கும். உயர்ந்த புல்லும் புழுதி மண்ணும் தார் ரோட்டைவிட மோட்டாரை அதிகம் வாட்டும்.

பாடியின் பின்பக்கக் கண்ணாடிப் பகுதியை வெட்டிவிட்டால் உள்ளே புகுந்த காற்று வெளியேற வழி கிடைக்கும். ஒரு பேட்டரிக்கும் அடுத்ததற்கும் நடுவே பதினைந்து நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். சார்ஜுக்கும் இது பொருந்தும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. உங்கள் ஊர் மே மாத மதியத்தில், வெயிலில் கிடந்த பேட்டரி அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

கே: பிரஷ்லெஸ் மோட்டார் மாற்றினால் வேகம் எவ்வளவு கூடும்?
– கல்லூரி மாணவர், ஈரோடு

ப: மோட்டார் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் கே.வி. எண். அதை வோல்ட்டால் பெருக்குங்கள். 3300 கே.வி. மோட்டார், 7.4 வோல்ட் என்றால், சுமை இல்லாதபோது நிமிடத்துக்கு 24,420 சுற்று. மூன்று செல் பேட்டரி (11.1 வோல்ட்) போட்டால் 36,630.

வேகம் நிச்சயம் கூடும். ஆனால் ஓட்ட இடம் இருக்கிறதா? 60 கி.மீ. வேகம் என்பது வினாடிக்குச் சுமார் 16.7 மீட்டர். 40 மீட்டர் நீளத் தெரு இரண்டரை வினாடிக்குள் முடிந்துவிடும். எதிர்வீட்டுக் குழந்தை கேட்டைத் திறந்து வெளியே வந்தால் உங்கள் விரல் ட்ரிகரை விடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பெரிய மைதானம் கைவசம் இல்லாதவர்களுக்கு நாங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை. மோட்டார் பணத்தில் முதலில் இரண்டாவது பேட்டரியும் ஒரு செட் பேரிங்கும் வாங்குங்கள்.

மாற்றியே தீருவேன் என்றால், டிரைவ் ஷாஃப்டும் டிஃபரன்ஷியல் கியரும் உலோகமா என்று பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாளே பல் உதிரும்.

கே: சிங்கப்பூரிலிருந்து மாமா டாமியா கிராஸ்ஹாப்பர் கிட் (நாமே பூட்டும் கார்) வாங்கி வந்தார். ஸ்க்ரூ தலையெல்லாம் வழுக்குகிறது. பாடிக்கு உள்பக்கம்தான் பெயிண்ட் அடிக்க வேண்டுமாமே?
– தஞ்சாவூர் வாசகர்

ப: நல்ல கார் வந்திருக்கிறது. 1984-ல் முதலில் வந்து, 2005-ல் மறுபடி வெளியான மாடல். பின் சக்கர இழுவை, எளிய அமைப்பு, கற்றுக்கொள்ளத் தோதான கார்.

ஸ்க்ரூ வழுக்குவது உங்கள் கைக்குற்றம் இல்லை. டாமியா போடுவது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பான் தர ஸ்க்ரூ. நம் கடைகளில் கிடைக்கும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரின் முனை அதில் அடிவரை இறங்காது, மேலே ஏறி வழுக்கும். ஜப்பான் பைக்குகளின் கார்ப்பரேட்டரிலும் இந்த ரகம்தான். பழைய பைக் மெக்கானிக்குகளிடம் கேட்டால் சரியான டிரைவர் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். ஏற்கெனவே வழுக்கிய தலைக்கு, நடுவில் அகலமான ரப்பர் பேண்டை வைத்து, டிரைவரை அழுத்தித் திருப்புங்கள்.

பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடி போடும்போது, முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். ‘டக்’ என்று ஓரிடத்தில் இறங்கும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் பழைய மரையிலேயே ஏறும். இப்படிச் செய்யாமல் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டினால் நான்காவது ஐந்தாவது தடவையில் துளை ஆட்டம் கண்டுவிடும்.

பெயிண்ட் விஷயத்தில் கவனம். உள்பக்கம் அடிப்பது கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் பாடிக்கு. அதற்கு டாமியாவின் பி.எஸ். வரிசை பெயிண்ட். கிராஸ்ஹாப்பரின் பாடி கெட்டியான பிளாஸ்டிக், அதனால் வெளிப்பக்கம்தான் அடிக்க வேண்டும், டி.எஸ். வரிசை. முதலில் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிக் காயவைத்து, 25 செ.மீ. தள்ளி நின்று, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தால் காற்றின் ஈரத்தில் வெளிறிப் போகும். வெயில் வரட்டும்.

கிட்டோடு ரிமோட், ரிசீவர், சர்வோ, பேட்டரி, சார்ஜர் வராது. மாமாவிடம் சொல்லி வையுங்கள்.

கே: நேராக விட்டால் இடப்பக்கம் இழுக்கிறது. ட்ரிம் திருகி அலுத்துவிட்டது.
– வாசகி, புதுச்சேரி

ப: ட்ரிம், அதாவது ஸ்டியரிங்கின் நடு நிலையை ரிமோட்டிலேயே நகர்த்தும் வசதி, கடைசியில் தொட வேண்டியது. அதைப் பூஜ்ஜியத்தில் வைத்து, சர்வோவின் தலையில் இருக்கும் சின்னக் கையை (ஹார்ன்) ஸ்க்ரூ கழற்றி எடுத்துவிடுங்கள். முதலில் ரிமோட், பிறகு கார் என்று ஆன் செய்தால் சர்வோ தானாக நடுவுக்கு வந்து நிற்கும். அந்த நிலையிலேயே கையைச் செங்குத்தாக மாட்டுங்கள். இரு பக்க ஸ்டியரிங் கம்பிகளின் நீளமும் ஒன்றா என்று ஸ்கேலால் அளந்து சரிசெய்யுங்கள். மிச்சம் இருக்கும் இம்மியளவு விலகலுக்குத்தான் ட்ரிம்.

வேகம் கொடுக்கும்போது மட்டும் இழுத்தால் ஸ்டியரிங்கை விட்டுவிடுங்கள். இடப்பக்கச் சக்கரம் ஏதோ ஒன்று இறுகியிருக்கும். சக்கர நட்டைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். திருப்பும்போது ‘கர்ர்’ என்று சத்தம் வந்து சக்கரம் பாதியில் நின்றால் சர்வோவின் உள் கியர் பல் போயிருக்கிறது.

கே: பேட்டரியின் வெள்ளைப் பிளக் உருகிவிட்டது.
– கரூர் வாசகர்

ப: மேலே சொன்ன மூன்று வயர்ப் பிளக் இல்லை, காருக்குக் கரண்ட் தரும் பெரிய டாமியா பிளக்கைச் சொல்கிறீர்கள். அது பழைய, சிறிய மோட்டார்களுக்கானது. கரண்ட் கூடினால் உள்ளே இருக்கும் மெல்லிய பின் சூடாகி உருகும். எக்ஸ்.டி.60 பிளக் போடுங்கள், அதைவிட அதிகக் கரண்ட் தாங்கும். சால்டர் வைக்கும்போது ஒரு வயரை முடித்து மூடிய பிறகே அடுத்ததை வெட்டுங்கள். பேட்டரியின் இரண்டு வயரையும் ஒரே கட்டிங் பிளேயரில் சேர்த்து வெட்டினால் அந்த இடத்திலேயே ஷார்ட்.

கே: ஊருக்கு வரும்போது சென்னையில் கார் வாங்கிப் போக ஆசை. விமானத்தில் பேட்டரி கொண்டுபோகலாமா?
– யாழ்ப்பாணம் வாசகர்

ப: கைப்பையில் கொண்டுபோகலாம். தனி லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது. 100 வாட் அவர் வரை என்பது பொதுவான வரம்பு. வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்குங்கள். 7.4 வோல்ட், 1500 எம்.ஏ.எச். என்றால் 11.1 வாட் அவர்தான். பிளக்கின் வாயில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடுங்கள். எண் அழிந்த பேட்டரியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். உங்கள் விமான நிறுவனத்தின் விதியையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கே: அடுக்குமாடிக் குடியிருப்பு. மைதானமும் இல்லை, தெருவிலும் இடமில்லை. இந்தப் பொழுதுபோக்கு எங்களுக்கு இல்லையா?
– வாசகர், சென்னை

ப: உங்களுக்கென்றே ‘க்ராலர்’ என்று ஒரு வகை இருக்கிறது. வேகம் இதில் முக்கியமே இல்லை. பாறை, படி, மரக்கட்டை மேல் மெதுவாக ஏறுவதுதான் ஆட்டம். ஆக்சியல் நிறுவனத்தின் எஸ்.சி.எக்ஸ்.24 போல 1/24 அளவுக் கார் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இரண்டு செல், 350 எம்.ஏ.எச். பேட்டரி போதும். மெதுவாக ஓடுவதால் அந்தச் சின்னப் பேட்டரியே நெடுநேரம் வரும். சத்தமும் கிடையாது, கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார்.

மொட்டை மாடியில் ஒரு மூலை கிடைத்தால் போதும். நான்கு செங்கல், உடைந்த ஓடு, இரண்டு தேங்காய் மட்டை, பழைய அம்மிக்கல், கைப்பிடி ஜல்லி. துணி கிளிப்பை இரண்டிரண்டாக நிறுத்தி ‘கேட்’ வையுங்கள். கிளிப்பில் இடிக்காமல் எல்லா கேட்டையும் தாண்ட வேண்டும். இடித்தால் ஒரு புள்ளி, காரைக் கையால் தூக்கினால் பத்துப் புள்ளி, குறைந்த புள்ளி எடுத்தவர் வென்றார். எட்டு வயதுக் குழந்தையும் அறுபது வயதுத் தாத்தாவும் சமமாக ஆடலாம். விரல் வேகம் இங்கே உதவாது, எந்தச் சக்கரத்தை எந்தக் கல்லில் வைப்பது என்ற கணக்குத்தான் உதவும்.

ஏறும்போது கார் பின்பக்கமாகக் கவிழ்கிறதா? எடை மேலேயும் பின்னாலேயும் இருக்கிறது. டயர் கடைகளில் வீல் பேலன்ஸுக்கு ஒட்டும் எடைத் துண்டு கிடைக்கும், ஒன்று 5 கிராம். முன் ஆக்சிலின் இரு பக்கமும் ஒவ்வொன்று, முடிந்தவரை தாழ்வாக ஒட்டுங்கள். குழந்தை கையாளும் கார் என்றால் ஈயத்தில் செய்த துண்டு வேண்டாம், இரும்புத் துண்டு கேட்டு வாங்குங்கள். ஒட்டிய பிறகு முன் சக்கரங்களை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், எடை எங்கும் உரசக்கூடாது.

மாடிச் சுவரின் மழைநீர்த் துளையை ஆட்டம் தொடங்கும் முன் ஒரு செங்கல்லால் அடைத்துவிடுங்கள். இந்த அளவுக் கார் அதன் வழியே தாராளமாகக் கீழே போகும்.